குப்பை பொறுக்க வருகிற அலைச்சறுக்கு நண்பர்களுக்கு, தாராவியிலிருந்து ஒரு திறந்த மடல்

பலகை, துடுப்பு, கயாக் என்று எதையாவது தூக்கிக்கொண்டு மும்பைக் கடலில் இறங்குகிற நண்பர்களுக்கு,

வணக்கம். நான் தாராவியில், தேரா கம்பவுண்டில், பிளாஸ்டிக் தரம் பிரிக்கிற வேலை பார்க்கிறவன். அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். கடல் அடங்கிக் கிடக்கிற குளிர்கால ஞாயிறுகளில் நீங்கள் மாஹிம் கரையில் பலகையை இறக்குவதையும், வெயில் ஏறியதும் கரைக்கு வந்து கையுறை மாட்டிக்கொண்டு குப்பை பொறுக்குவதையும் பார்த்திருக்கிறேன். உங்களில் நம் ஆட்கள் நிறையப் பேர். செம்பூர், முலுண்ட், நெருல் பக்கமிருந்து வருகிற பிள்ளைகள், தண்ணீரில் இருந்து "மச்சி" என்று கத்துவது கரை வரைக்கும் கேட்கிறது. அதனால் தமிழிலேயே எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கு நீங்களே இந்தியில் சொல்லிக்கொள்ளுங்கள்.

முதலில் நன்றி. ஒப்புக்குச் சொல்லவில்லை. இந்த ஊரில் கடற்கரைக்கு வருகிற கூட்டம் பேல்பூரி தின்று தட்டை அங்கேயே போட்டுவிட்டுப் போகிற கூட்டம், அதற்கு நடுவில் லீவு நாளில் குனிந்து அடுத்தவன் எச்சில் பாக்கெட்டை எடுக்க ஒரு மனசு வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்: உங்களால் மட்டுமே முடிகிற ஒரு வேலை இருக்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டு எங்கள் வேலையை வந்து அரைகுறையாகச் செய்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படியுங்கள்.

எங்கள் வேலை என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன். பழைய சாமான் வாங்கி விற்கிற பங்கார்க்காரரிடமிருந்து மூட்டை வந்ததும் கொட்டிக் கையால் பிரிப்போம். பெட் பாட்டில் ஒரு பக்கம், எச்.டி. ஒரு பக்கம், பி.பி. ஒரு பக்கம், எல்.டி. கவர் ஒரு பக்கம், எல்லாம் பிளாஸ்டிக் ரகங்களுக்கு நாங்கள் சொல்கிற பெயர். பார்த்துத் தெரியாததை ஒடித்துச் சத்தம் கேட்போம், ஓரத்தில் லைட்டர் காட்டி வருகிற புகையை முகர்ந்து பார்ப்போம். (இது நெஞ்சுக்கு நல்லதில்லை என்று எல்லோருக்கும் தெரியும், நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டாம்.) அதற்கும் பிடிபடாவிட்டால் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. பி.பி.யும் எச்.டி., எல்.டி.யும் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். பெட், பி.வி.சி. எல்லாம் கனம், மூழ்கும். அரைத்த துகளைத் தொட்டியில் போட்டால் மேலே நிற்பது ஒரு ரகம், அடியில் தங்குவது வேறு ரகம்.

கடலும் இதே தொட்டி வேலையைத்தான் செய்கிறது. நீங்கள் மாஹிமில் கட்டிய பையை ஒருநாள் மணலிலேயே கவிழ்த்துப் பாருங்கள். பாட்டில் மூடிகள் கைநிறைய வரும், ஆனால் அந்த மூடிகளுக்கு உரிய பாட்டில்கள் அவ்வளவு இருக்காது. மூடி பி.பி. அல்லது எச்.டி., மிதந்து கரைக்கு வந்துவிடும். மூடி கழன்ற பெட் பாட்டில் தண்ணீர் புகுந்து அடியில் போய்விடும். நீங்கள் பொறுக்குகிற பாட்டில்களைப் பாருங்கள், பெரும்பாலும் மூடி இறுக்கி மூடியதாகத்தான் இருக்கும். அப்புறம் ஒற்றைச் செருப்பு, தெர்மாகோல் துண்டு, பல் துலக்கும் பிரஷ், ஸ்ட்ரா, வேஃபர் பாக்கெட், பான் மசாலா பாக்கெட். குட்காவை மகாராஷ்டிராவில் 2012-லேயே தடை செய்தார்கள், பாக்கெட் மட்டும் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது, அது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். ஆக, கரையில் நீங்கள் பார்ப்பது கடலில் இருக்கிற குப்பையின் ஒரு பகுதிதான், மிதக்கிற பகுதி. "கரையைச் சுத்தம் செய்துவிட்டோம்" என்று முன்னும் பின்னும் படம் எடுத்துப் போடும்போது அடியில் கிடக்கிற பகுதி அந்தப் படத்தில் வருவதே இல்லை.

இன்னொரு விஷயமும் அந்தப் பையில் இருக்கிறது. விலை போகிற எதையும் இந்த ஊரில் யாரும் கடல் வரைக்கும் விடுவதில்லை. சுத்தமான பெட் பாட்டில், பால் கவர், உடைந்த வாளி, பெயின்ட் டப்பா எல்லாம் தெருவிலேயே ஒரு கை எடுத்துவிடும், அந்தக் கை பெரும்பாலும் கோணி தூக்கி நடக்கிற ஒரு பெண்ணுடையது, அவள் பெயர் எந்த பேனரிலும் வராது. கடலுக்கு வந்து சேர்வது எங்களுக்கு வேண்டாத மால். வேஃபர் பாக்கெட்டில் பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டிக் கிடக்கும், பிரிக்க முடியாது, அதனால் வாங்குவதற்கு ஆள் கிடையாது. ஒரு நல்ல பாட்டில் தப்பித்தவறிக் கடலுக்குப் போய்த் திரும்பி வந்தாலும் அதற்குப் பழைய மதிப்பு இல்லை. வெயிலில் காய்ந்து மொறுமொறுவென்று ஆகியிருக்கும், உப்பு ஏறியிருக்கும், மடிப்பெல்லாம் மணல். மணலோடு கட்டரில், அதாவது அரைக்கிற மெஷினில், போட்டால் பிளேடு மழுங்கிவிடும், முதலாளி சேட் கத்துவார். வீட்டு வாசலில் காய்ந்து கிடந்தபோது இருந்த மதிப்பு நாலாவில், அதாவது சாக்கடைக் கால்வாயில், பாதிக்கும் கீழே, கடலில் கிட்டத்தட்டப் பூஜ்யம். நீங்கள் பொறுக்குகிற இடம்தான் இந்தச் சங்கிலியிலேயே மிகவும் லேட்டான இடம்.

அதைப் பொறுக்கி என்ன செய்கிறீர்கள்? கறுப்புப் பையில் எல்லாவற்றையும் கலந்து கட்டி வரிசையாக வைக்கிறீர்கள். மாநகராட்சி லாரி வந்து அள்ளிக்கொண்டு கஞ்சூர்மார்க்குக்கோ தேவ்னாருக்கோ போகிறது. மாஹிம் குப்பை இன்னொரு குப்பைமேட்டுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அதிலும் போன முறை வந்த ஒரு கூட்டம் புது டீ-ஷர்ட், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், காலைச் சிற்றுண்டிக்குப் பிளாஸ்டிக் டப்பா என்று வந்து இறங்கியது. அது நீங்கள் இல்லை, ஸ்பான்சர் பிடித்து வந்த வேறு ஆட்கள், தெரியும். பார்த்ததைச் சொன்னேன்.

சரி, குப்பை வருகிற வழிக்கு வருவோம். மாஹிம் கரையில் நின்று யாரைக் கேட்டாலும் கை காட்டுகிற திசை ஒன்றுதான்: "தாராவி." எங்கள் ஏரியா மித்தி ஆற்றின் கடைசி வளைவில் இருக்கிறது, அதனால் மேலே இருந்து வருகிற எல்லாப் பழியும் எங்கள் தலையில் விழுகிறது. மித்தி எங்கே தொடங்குகிறது? விஹார், பவாய் ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீரில். அங்கிருந்து சுமார் 18 கிலோமீட்டர், சாக்கிநாகா, விமான நிலையம், குர்லா, கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கிற பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ், எல்லாவற்றையும் தாண்டித்தான் எங்களிடம் வருகிறது. விமான ஓடுபாதைக்குக் கீழேயே ஓடுகிற ஆறு அது. பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸே அலையாத்திச் சதுப்பை மண் போட்டு மேடாக்கிக் கட்டியதுதான். நாங்கள் சுத்தமானவர்கள் என்று சொல்ல வரவில்லை. எங்கள் சந்துகளில் இருந்தும் நாலாவுக்குக் குப்பை போகிறது, பொதுக் கழிப்பறைக் குழாய் எங்கே போய் விழுகிறது என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் 18 கிலோமீட்டர் ஆற்றுக்குக் கடைசி வளைவில் குடியிருப்பவன் மட்டும் பொறுப்பு என்றால் எப்படி?

2005 ஜூலை 26-ஐ உங்களில் சிலர் சின்னப் பிள்ளைகளாகப் பார்த்திருப்பீர்கள். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அதற்கு அடுத்த மாதமே மித்திக்கென்று ஒரு தனி ஆணையம் வைத்தார்கள். அன்றிலிருந்து வருஷா வருஷம் மழைக்கு முன்னால் தூர் வாருகிறோம் என்று கணக்கு எழுதுகிறார்கள். அந்தத் தூர் வாரிய கணக்கில் 65 கோடி ரூபாய் மோசடி என்று 2025 மே மாதம் மும்பை போலீசின் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிவு செய்தது. குற்றம் நிரூபணமாகிறதா இல்லையா என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும். நான் கேட்பது வேறு. இத்தனை வருஷமாக ஆற்றில் இருந்து என்ன எடுத்தார்கள், எவ்வளவு எடுத்தார்கள் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல ஒரு ஆள்கூட இல்லையே, ஏன்? ஆற்றின் வாயில் தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து பார்க்கிறவன் யாரும் இல்லை, அதனால்தான். பாலத்தில் போகிறவனுக்கு நாற்றம் மட்டும் தெரியும், ஜன்னலை ஏற்றிவிட்டுப் போய்விடுவான்.

தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்திருப்பது நீங்கள். கோலி மீனவர்களை விட்டால் இந்த இரண்டு கோடிப் பேர் ஊரில் வேறு யாரும் கிடையாது. நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். உங்கள் கையைவிட உங்கள் கண் இந்தக் கடலுக்கு அதிகம் வேண்டியிருக்கிறது.

2016-ல் இங்கிலாந்தில் லிஸ்ஸி கார் என்று ஒரு பெண், நின்றுகொண்டே துடுப்புப் போடுகிற பலகையில் அந்த நாட்டின் கால்வாய்களிலும் ஆறுகளிலும் 400 மைல் போனார். வழியில் கண்ட பிளாஸ்டிக்கைப் படம் எடுத்து, எந்த இடம் என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனார். எல்லாவற்றையும் ஒரு ஆள் பொறுக்க முடியாது, ஆனால் ஒரு ஆள் குறித்து வைக்க முடியும். நீங்கள் எல்லோரும் போனை வாட்டர்ப்ரூஃப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போகிறீர்கள், சூரிய உதயத்தை எடுக்கிறீர்கள், சீ லிங்க்கை எடுக்கிறீர்கள். அதே போனில் மாஹிம் காஸ்வே பாலத்துக்கு வெளியே கழி வாயைத் தொடர்ந்து எடுங்கள். எப்போது எடுப்பது என்பதுதான் முக்கியம். பர்தி, அதாவது ஏற்றம், நடக்கும்போது குப்பை உள்ளே தள்ளப்பட்டு அலையாத்தி வேர்களில் போய்ச் சிக்கி நிற்கும், ஒன்றும் தெரியாது. ஓஹோட்டி, அதாவது வற்றம், தொடங்கியதும் உள்ளே நின்ற தண்ணீர் எல்லாம் வெளியே இழுக்கும், அப்போது பாருங்கள், மிதக்கிற மால் ஒரு கோடு போட்டாற்போல வெளியே வரும். ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில், ஓஹோட்டியின் அதே நேரத்தில், ஒரே ஒரு படம். பக்கத்தில் தேதியும் மணியும். ஒரு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அந்தப் படங்களை வரிசையாக வைத்தால், தூர் வாரினார்களா, நாலாக்களில் கட்டிய மிதவைத் தடுப்புகள் வேலை செய்கின்றனவா, அறுந்து தொங்குகின்றனவா, எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். கடல் நாலரை மீட்டருக்கு மேல் ஏறுகிற பெரிய ஏற்ற நாட்களை, உதாண் என்பார்கள், அவற்றை மாநகராட்சியே முன்கூட்டி அறிவிக்கிறது, அந்த நாட்களில் கடலே குப்பையைத் தூக்கி மரைன் டிரைவில் வீசும், நீங்கள் வீட்டில் இருந்தே டிவியில் பார்க்கலாம்.

கம்பெனிப் பெயரையும் எழுதி வையுங்கள். இது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். பிளாஸ்டிக் பாக்கெட்டில் பொருள் விற்கிற கம்பெனி அந்த பாக்கெட்டைத் திரும்ப எடுக்க வேண்டிய பொறுப்பு 2016 விதிகளிலேயே இருக்கிறது, 2022 பிப்ரவரியில் அதை இன்னும் இறுக்கி, பல அடுக்கு பாக்கெட்டைத் தனி வகையாகவே பிரித்து இலக்கு வைத்தார்கள். காகிதத்தில் எல்லாக் கம்பெனியும் இலக்கை எட்டிவிட்டதாகச் சர்டிஃபிகேட் வைத்திருக்கும். எங்களிடம் அந்த பாக்கெட் விற்பனைக்கே வருவதில்லை, பின்னே எங்கிருந்து எடுத்தார்கள்? கடற்கரையில் கிடக்கிற நூறு பாக்கெட்டில் எந்தக் கம்பெனியுடையது எத்தனை என்று எண்ணி வைத்தால், அது கறுப்புப் பையை விட அவர்களுக்கு அதிகம் உறுத்தும். உங்களில் பாதிப் பேர் எக்செல் ஷீட்டில் வாழ்கிறவர்கள்தானே, இது ஒரு மணி நேர வேலை.

இப்போது தண்ணீரைப் பற்றி. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், ஆனால் பலகையில் இருந்து விழுந்து வாய் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு நீங்கள் சிரிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. நீங்கள் கட்டிய பையில் நீலம், வெள்ளை நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் குச்சி கிடக்கும், காது குடைகிற குச்சி, பஞ்சு போய்க் குச்சி மட்டும் நிற்கும். 2022 ஜூலையிலிருந்து நாடு முழுக்கத் தடை செய்த சாமான்களில் அதுவும் ஒன்று. அது கரையில் யாரும் உட்கார்ந்து காது குடைந்து போட்டதில்லை. கழிப்பறையில் போட்டது, சாக்கடை வழியாக வந்தது. அந்தக் குச்சி வந்த வழியாக வேறு என்னென்ன வந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. குச்சியைப் பொறுக்கலாம், மற்றதைப் பொறுக்க முடியாது.

மற்ற நாட்டு அலைச்சறுக்குக்காரர்கள் சண்டையைத் தொடங்கியது இங்கேதான், குப்பையில் இல்லை. 1990-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் சாக்கடைத் தண்ணீரில் அலை பிடித்து நோய் வாங்கி வெறுத்துப்போனவர்கள் 'சர்ஃபர்ஸ் எகெய்ன்ஸ்ட் சூவேஜ்' என்று ஒரு அமைப்பு தொடங்கினார்கள். விஷவாயு முகமூடி மாட்டிக்கொண்டு, பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு, காற்றடித்த பெரிய மலக்கட்டி பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அசிங்கம் என்று யாராவது முகம் சுளித்தால், அந்த அசிங்கத்தில்தான் எங்களைக் குளிக்க விடுகிறீர்கள் என்பதுதான் அவர்கள் பதில். அமெரிக்காவில் 1984-ல் மாலிபுவில் தொடங்கிய சர்ஃப்ரைடர் அமைப்பு கலிஃபோர்னியாவில் இரண்டு காகிதக்கூழ் ஆலைகள் மேல் வழக்குப் போட்டு, 1991-ல் 58 லட்சம் டாலர் அபராதம் கட்ட வைத்தது. இன்றைக்கும் அவர்களுடைய தொண்டர்கள் கரையோரத் தண்ணீரை எடுத்துச் சோதித்து முடிவை வெளியிடுகிறார்கள். குப்பை பொறுக்குவதும் உண்டு அவர்களிடம், ஆனால் அதோடு நிறுத்தியிருந்தால் ஆலைக்காரன் கைதட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருப்பான்.

எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்று 2018-ல் வந்தது. தவறாமல் அலைச்சறுக்குப் போகிற 143 பேரையும் கடலில் இறங்காத 130 பேரையும் சோதித்தார்கள். சில ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாத ஈ-கோலை கிருமி கடலில் இறங்காதவர்கள் குடலில் 3 சதவீதம் பேரிடம், அலைச்சறுக்குக்காரர்களிடம் 9 சதவீதம். அது பிரிட்டன் கடல். மாஹிம் கடலில் இறங்குகிற உங்களை யாரும் இன்னும் சோதிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். காதில் சீழ், வயிற்றுப்போக்கு, தோலில் தடிப்பு என்று வந்தால் "நேற்று சாப்பிட்ட பாவ் சரியில்லை" என்று சொல்லிக்கொள்கிறீர்கள். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வேறு. தேங்கிய தண்ணீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்து மாத்திரை எடுங்கள் என்று மாநகராட்சி வருஷா வருஷம் சொல்கிறது. நடந்ததற்கே அப்படி.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடல்நீரை ஐந்து வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. இரண்டாவது வகை, குளிப்பதற்கும் உடம்பு நனைகிற நீர் விளையாட்டுக்கும். அதில் 100 மில்லி தண்ணீரில் மலக் கோலிஃபார்ம், அதாவது மலம் கலந்திருப்பதைக் காட்டுகிற கிருமி, 100-ஐத் தாண்டக் கூடாது. மாநில வாரியம் ஜுஹு, வெர்சோவா, மாஹிம் கழி என்று பல இடங்களில் தண்ணீர் எடுத்துச் சோதிக்கத்தான் செய்கிறது. அந்த எண் எங்கேயோ ஒரு இணையதளத்துக்குள், பதினைந்து கிளிக்குக்கு அப்பால் கிடக்கிறது. அதைக் கரைக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். இந்த வாரம் எடுத்த தண்ணீர், இத்தனை, விதிப்படி இருக்க வேண்டியது இத்தனை, மராத்தியிலும் இந்தியிலும் ஒரு பலகையில் எழுதித் தொங்கவிட்டால் போதும். செல்ஃபி பாயின்ட் வைக்கிற ஊரில் ஒரு தகரப் பலகைக்கு இடம் இல்லாமல் போகாது. 2023 ஜனவரி 19-ஆம் தேதி பிரதமர் வந்து ஏழு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அடிக்கல் நாட்டினார், சுமார் 17,200 கோடி ரூபாய்த் திட்டம், வர்லி, பாந்த்ரா, வெர்சோவா எல்லாம் அதில் வருகின்றன. வரட்டும், நல்லதுதான். வர்லியிலும் பாந்த்ராவிலும் ஏற்கெனவே கடலுக்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டுத்தான் கழிவை விடுகிறார்கள். ஆனால் சுத்திகரிப்பு நிலையம், சாக்கடைக் குழாயில் வருவதைத்தானே சுத்தம் செய்யும்? எங்கள் சந்து மாதிரிக் குழாயே இல்லாத இடத்தில் இருந்து நேராக நாலாவில் இறங்குவதை என்ன செய்யும்? ஏழு நிலையம் திறந்த அன்றைக்கு மாஹிம் பலகையில் எண் இறங்குகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பலகை இருந்தால்தானே பார்ப்பது.

நாங்கள் இதைக் கேட்டால் எடுபடாது. குடிசைக்காரன் கடல் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறான் என்று சிரிப்பார்கள், இல்லாவிட்டால் முதலில் உன் கடை லைசென்ஸைக் காட்டு என்பார்கள். நீங்கள் இங்கிலீஷில் மெயில் அனுப்பினால் வார்டு ஆபீஸில் உட்கார வைத்துப் பேசுவார்கள். இந்த ஊர் அப்படித்தான் இருக்கிறது, அதை எங்களுக்கும் சேர்த்துப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கோலி மக்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்கிற மீனவர் 2012-ல் ஒரு அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார், அங்கே பலகை பிடிக்கிறவர்களும் வலை பிடிக்கிறவர்களும் ஒரே தெரு, ஒரே குடும்பம். கரை குப்பையானால் அது அவர்கள் வாசல். அங்கே போய் ஒரு வாரம் கற்றுக்கொண்டு வந்த பிள்ளைகள் உங்களிலேயே இருப்பார்கள், மற்றவர்கள் நாலாசோபாரா பக்கம் ராஜோடிக்கு அலை தேடிப் போகிறவர்கள். மாஹிமில் நிலைமை வேறு. நீங்கள் காரில் வந்து இறங்குகிறீர்கள், படகுக்குப் பக்கத்தில் நிற்கிற கோலித் தாத்தாவைத் தாண்டிப் போய் அவர் வாசலைக் கூட்டுகிறீர்கள். ஒரு வணக்கம் கிடையாது. அவர் என்ன நினைப்பார்? எங்களை அழுக்கர்கள் என்று காட்ட வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். வலை போட்டால் மீனோடு பாக்கெட்டும் சேர்ந்து ஏறுவதைப் பல வருஷமாகப் பார்க்கிறவர் அவர். எந்த நாலா எந்த மாசத்தில் என்ன நிறத்தில் வருகிறது என்று அவருக்கு மனப்பாடம். அவரிடம் கேட்காமல் நீங்கள் எடுக்கிற படத்துக்குப் பாதி மதிப்புதான். இன்னொன்று, கரையில் கிடக்கிற வலை எல்லாம் குப்பை இல்லை. ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக் காலத்தில் வலையை விரித்துப் பழுது பார்ப்பார்கள், அதைப் பையில் போட்டுக் கட்டிவிடாதீர்கள். உண்மையிலேயே அறுந்து போன நைலான் வலை என்றால் கேட்டுவிட்டு எங்களிடம் கொண்டுவாருங்கள், அதற்கு நல்ல விலை உண்டு, காசை அவர்களிடமே கொடுத்துவிடலாம்.

வெர்சோவாவை உதாரணம் காட்டுவீர்கள், தெரியும். வக்கீல் அஃப்ரோஸ் ஷா 2015 அக்டோபரில் அங்கே கரையைச் சுத்தம் செய்யத் தொடங்கினார், 2016-ல் ஐ.நா. விருது வந்தது, 2018 மார்ச்சில் ஆமைக் குஞ்சுகள் பொரித்துக் கடலுக்குப் போனதை எல்லோரும் பார்த்தோம். பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் வாரா வாரம் அள்ளினாலும் அடுத்த ஏற்றத்தில் திரும்ப வருகிறது என்பதையும் அந்தக் கரைதான் காட்டியது. அதனால்தான் அவரும் பிறகு பவாய்ப் பக்கம் போய் மித்தியின் மேல்பகுதியில் வேலை செய்தார். நீங்கள் கடலில் இருந்து ஆற்றைப் பாருங்கள், அவர்கள் ஆற்றில் இருந்து கடலைப் பார்க்கட்டும், நடுவில் நாங்கள் இருக்கிறோம்.

பொறுக்கவே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. பொறுக்குங்கள், ஆனால் மணலிலேயே பிரித்து மூன்று கோணியில் கட்டுங்கள்: மூடியோடு வந்த பாட்டில்களும் கெட்டி பிளாஸ்டிக்கும் ஒன்றில், செருப்பும் ரப்பரும் ஒன்றில், பாக்கெட்டெல்லாம் தனியாக ஒன்றில், எண்ணுவதற்கு. கறுப்புப் பை வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, பங்கார்க்காரர் அவிழ்த்துக்கூடப் பார்க்க மாட்டார். மாஹிம் கரையில் இருந்து எங்கள் கம்பவுண்டுக்கு டெம்போவில் பத்து நிமிஷம், ஞாயிறு என்றால் இன்னும் குறைவு. சயான் மாஹிம் லிங்க் ரோடு பக்கமாக வந்து தேரா கம்பவுண்டு என்று யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் நாங்கள் நாலைந்து பேர் இருப்போம், முதல் கோணியை உங்கள் கண் முன்னாலேயே கொட்டிப் பிரித்து எது டானா (உருக்கிச் செய்கிற பிளாஸ்டிக் மணி) ஆகும், எது ஆகாது என்று காட்டுகிறோம், டீ எங்கள் செலவு. வருவதற்கு முன்னால் மணலை நன்றாக உதறிவிடுங்கள், கட்டர் பிளேடு விலை ஏறிப்போய்க் கிடக்கிறது. தெர்மாகோலை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள், அதை வாங்குகிற ஆள் எங்களுக்கே இன்னும் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
தேரா கம்பவுண்டில் தரம் பிரிக்கிற ஒருவன்